சட்டை விலை ஒன்பது பவுண்டு பதினைந்து பென்ஸ்

ஜூன் 8, பிற்பகல் இரண்டே முக்கால். சீனாவின் தேர்வு மையங்களில் கதவைச் சாத்துகிறார்கள். மற்றப் பாடங்களுக்குச் சற்றுத் தாமதமாக ஓடி வந்தாலும் உள்ளே விட வழியுண்டு. ஆங்கிலத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. கால் மணி நேரம் முன்பே வந்து குந்தியாக வேண்டும். மூன்று மணிக்கு ஒலிபெருக்கி பேசத் தொடங்கிவிடும். அது பேசும்போது ஊரே வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். பக்கத்து மனையில் கட்டடம் கட்டுகிறவன் கலவை இயந்திரத்தை நிறுத்துகிறான். லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கிறான். சதுக்கத்தில் பாட்டுப் போட்டுக் கூட்டமாக ஆடும் பாட்டிமாருக்குக்கூட அந்த நாட்களில் தடை. தெருமுனையில் போலீஸ். வாசலில் சிவப்புப் பட்டு உடுத்திய தாய்மார்கள், மகனுக்கு அதிர்ஷ்டம் வரட்டும் என்று.

இத்தனை பெரிய அமைதியை விரித்துவைத்து, அதன் நடுவில் ஒரு குரலைக் கேட்கவைக்கிறார்கள். அந்தக் குரல் என்ன கேட்கிறது தெரியுமா? சட்டை என்ன விலை?

மூன்று விடைகள். 19 பவுண்டு 15 பென்ஸ், 9 பவுண்டு 18 பென்ஸ், 9 பவுண்டு 15 பென்ஸ். சரியான விடை கடைசியில் இருப்பது. இதற்கு மதிப்பெண் இல்லை. கேள்வி எப்படி வரும் என்று காட்டுவதற்கான மாதிரி. காவ்காவ் என்று சீனர்கள் சொல்லும் அந்த நாடு தழுவிய கல்லூரி நுழைவுத் தேர்வில், கேட்டல் பகுதி தொடங்குவதற்கு முன்னால், அதே மாதிரி, அதே சட்டை, அதே விலை, ஆண்டுக்கு ஆண்டு வந்துகொண்டே இருந்தது. சீனாவில் பள்ளி முடித்த ஒரு இளைஞனை நடுராத்திரியில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் தூக்கக் கலக்கத்தில் சரியாகச் சொல்வான். தாத்தா பிறந்த ஊரின் பெயர் தடுமாறலாம், சட்டை விலை தடுமாறாது. இணையத்தில் அது பொதுச் சொத்தான கேலி.

பிரிட்டனில் இந்தச் சட்டை விற்கும் கடை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு அந்த நாடு வெளியேறியது, சட்டை அசையவில்லை. 2022-ல் லிஸ் டிரஸ் நாற்பத்தொன்பது நாள் பிரதமராக இருந்து பவுண்டைப் பாதாளத்துக்குத் தள்ளினார், சட்டை அசையவில்லை. ராணி போனார், மன்னர் வந்தார், மின்கட்டணம் ஏறியது, சட்டைக்குப் பென்ஸ் ஒன்றுகூடக் கூடவில்லை. உலகப் பொருளாதாரத்தில் விலைவாசியை இவ்வளவு காலம் கட்டிப்போட்ட ஒரே அமைப்பு சீனக் கல்வித் துறைதான். இங்கிலாந்து வங்கி ஒரு தூதுக்குழுவை அனுப்பிப் பாடம் படித்துக்கொள்ளலாம்.

வினாத்தாளின் நெற்றியில் ‘மிக இரகசியம்’ என்று அச்சிட்டு ஒரு நட்சத்திரமும் போட்டிருப்பார்கள். வெறும் அலங்காரம் என்று நினைக்காதீர்கள். திறக்கும்வரை அது சட்டப்படி அரச இரகசியம். ஏவுகணை நிற்கும் இடம் எந்த அலமாரியில் இருக்கிறதோ, அதே தகுதியுள்ள அலமாரியில் நாடே மனப்பாடம் செய்துவைத்திருக்கும் சட்டை விலையும் இருக்கிறது. தேர்வு மோசடியை ஏற்பாடு செய்கிறவர்களுக்கு ஏழு ஆண்டு வரை சிறை என்று 2015-ல் குற்றவியல் சட்டத்தையே திருத்தினார்கள். அதே ஆண்டு, ஹெனான் மாகாணத்து லோயாங் நகரில், களவாக வானொலிச் சமிக்ஞை வருகிறதா என்று மோப்பம் பிடிக்கத் தேர்வு மையத்துக்கு மேலே டிரோனைப் பறக்கவிட்டார்கள். வாசலில் உலோகச் சோதனை, உள்ளே சமிக்ஞைத் தடுப்புக் கருவி, மூலைக்கு மூலை கேமரா. பதினெட்டு வயதுப் பிள்ளையின் காதுக்குள் எந்தக் குரல் போகிறது என்பதில் ஒரு அரசாங்கம் எவ்வளவு அக்கறை காட்ட முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இந்த அக்கறைக்கு வேறு ஒரு முகமும் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

முதலில் தேர்வைப் பார்ப்போம். மொத்தம் 750 மதிப்பெண்ணில் ஆங்கிலத்துக்கு 150. நாடு தழுவிய தாளில் கேட்டலுக்கு 30: இருபது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை. ஏறக்குறைய இருபது நிமிடம். முதல் ஐந்து உரையாடல்களை ஒரே ஒரு முறைதான் ஒலிக்கவிடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு பத்து விநாடி. அதற்குள் விடையும் எழுத வேண்டும், அடுத்த கேள்வியையும் படித்துவிட வேண்டும். 2024-ல் இந்தத் தேர்வுக்குப் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 லட்சத்து 20 ஆயிரம் பேர். ‘ஒரு மதிப்பெண் கூடினால் ஆயிரம் பேரை வீழ்த்தலாம்’ என்று பள்ளிகளில் பதாகை கட்டுவார்கள். அந்தக் கணக்குப்படி ஒரு தும்மலுக்கு ஆயிரத்தைந்நூறு பேர் முந்திப் போய்விடுவார்கள்.

அந்த உரையாடல்களில் வாழும் மனிதர்களை நான் சந்திக்க ஆசைப்படுகிறேன். அந்த ஊரில் எப்போதும் ஒரு ஆணும் ஒரு பெண்ணும். அவருக்கு ரயில் தவறியிருக்கும், அவளிடம் கூடுதலாக ஒரு டிக்கெட் இருக்கும். அவர் நூலகத்துக்கு வழி கேட்பார். அவள் வாரக் கடைசியில் மலையேறக் கூப்பிடுவாள். அவர் வர ஆசைதான் என்று சொல்லி, ‘ஆனால்’ என்று ஒரு சொல் போடுவார். அந்த ‘ஆனால்’ வரும்வரை மாணவன் காதைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொள்ளலாம். விடை எப்போதும் அதற்குப் பின்னால்தான் இருக்கிறது என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். காதில் நேராக விழும் எண் பெரும்பாலும் பொறி, ஒரு கூட்டலோ கழித்தலோ போட்டால்தான் விடை என்பது இன்னொரு பாடம். மூன்று ஆண்டு ஆங்கிலம் கேட்கப் பழக்கியதன் பலன், காதில் விழுந்ததை நம்பாதே என்ற ஞானம். சாக்ரடீஸ் இதற்கு விஷம் குடித்தார், சீனப் பிள்ளைகள் இலவசமாகப் பெறுகிறார்கள்.

யாரும் அங்கே இருமுவதில்லை. பேச்சின் குறுக்கே பேசுவதில்லை. கோபப்படுவதில்லை, கடன் கேட்பதில்லை, அழுவதில்லை. உச்சரிப்பு ஸ்டுடியோவில் தேய்த்துக் கழுவிய அமெரிக்க உச்சரிப்பு, அல்லது இஸ்திரி போட்ட பிரிட்டிஷ் உச்சரிப்பு. உலகத்தில் ஆங்கிலம் பேசுகிறவர்களில் மிகப் பலருக்கு அது தாய்மொழியே இல்லை என்ற செய்தி அந்த ஸ்டுடியோவுக்கு எட்டவில்லை.

இந்தச் சட்டைக் கதையின் உச்சம் ஷெஜியாங் மாகாணத்தில் யீவு என்ற ஊரில் இருக்கிறது. உலகத்தின் மிகப்பெரிய மொத்தச் சந்தைகளில் ஒன்று அங்கே. பொத்தான், பொம்மை, குடை, கிறிஸ்துமஸ் நட்சத்திரம் என்று எல்லாம் கிடைக்கும். நைஜீரியாக்காரர், எகிப்துக்காரர், இந்தியர், ஈரானியர் எல்லாரும் பெட்டியோடு வந்து இறங்குவார்கள். கடையில் உட்கார்ந்திருக்கும் பெண் கால்குலேட்டரை எடுத்து எண்ணைத் தட்டி முன்னால் நீட்டுவாள். வந்தவர் தலையாட்டிவிட்டு வேறு எண்ணைத் தட்டுவார். நாலு சொல் ஆங்கிலம், ரெண்டு சொல் அரபி, ஒரு சிரிப்பு. பேரம் முடிந்தது. உலகத்துக்கே சட்டை தைத்து அனுப்பும் நாடு அது. ஆயத்த ஆடை ஏற்றுமதியில் முதலிடம். அந்த நாட்டுப் பிள்ளையிடம் லண்டன் கடையில் சட்டை என்ன விலை என்று கேட்கிறார்கள். விலையைச் சொல்ல வேண்டியவன், குறைக்க முடியாது என்று அடித்துப் பேச வேண்டியவன் அவன். தேர்வு அவனை வாங்குகிறவனாக, அதுவும் பேரம் பேசாமல் காசை நீட்டுகிறவனாகப் பார்க்கிறது. வாயே திறக்க வேண்டாம், காட்டிய விலையில் கறுப்பு அடித்தால் போதும்.

வாய் திறக்க வேண்டாம் என்பதை நான் மிகைப்படுத்தவில்லை. பல மாகாணங்களின் மொத்த மதிப்பெண்ணில் பேச்சுத் தேர்வுக்குப் பங்கே கிடையாது. பத்து ஆண்டு ஆங்கிலம் படித்தும் பேச வராத இந்த நிலைக்கு ‘ஊமை ஆங்கிலம்’ என்று சீனர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். பேரைச் சொல்லி எல்லாரும் தலையில் அடித்துக்கொள்வார்கள். பிறகு மறுநாள் காலை அதே பயிற்சித் தாளைப் பிரிப்பார்கள்.

வாயை விட்டார்கள், காதையாவது ஒழுங்காக எண்ணினார்களா? ஹெனானுக்குப் போவோம். ஏறக்குறைய பத்துக் கோடிப் பேர் வாழும் மாகாணம். 2024-ல் காவ்காவ் எழுதப் பதிவு செய்தவர்கள் மட்டும் 13 லட்சத்துக்கும் மேல். அந்த மாகாணத்தில் பல ஆண்டுகள் ஆங்கிலக் கேட்டல் தேர்வு நடந்தது. பிள்ளைகள் உட்கார்ந்தார்கள், கேட்டார்கள், கறுப்படித்தார்கள். அந்த மதிப்பெண் மொத்தத்தில் சேரவில்லை. எழுத்துப் பகுதியின் 120-ஐ எடுத்து ஒன்றேகாலால் பெருக்கி 150 ஆக்கிக்கொண்டார்கள். காது வாங்கிய மதிப்பெண், கல்லூரிகள் வேண்டுமானால் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஓரமாக நின்றது. ஊரை அடக்கி, ஹாரனை அடக்கி, பாட்டியை அடக்கி நடத்திய அமைதிக்கு விலை பூஜ்யம். இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது: பள்ளிக்குப் பள்ளி ஒலிபெருக்கியின் தரம் வேறு, ஏழைப் பள்ளியின் பிள்ளை பாதிக்கப்படக் கூடாது. ரொம்பச் சரி. அப்படியானால் நல்ல ஒலிபெருக்கி வாங்கிக் கொடுத்திருக்கலாமே? நிலவின் மறுபக்கத்தில் கலம் இறக்கி மண் அள்ளிக்கொண்டு வரும் நாட்டுக்கு, ஹெனான் கிராமப் பள்ளியின் கரகரக்கும் ஸ்பீக்கரை மாற்ற முடியவில்லையாம். யாருக்குக் காது குத்துகிறீர்கள்?

இதே காலத்தில் குவாங்டாங்கில் 2011 முதல் பிள்ளைகள் கணினி முன் அமர்ந்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டலும் பேச்சும் எழுதுகிறார்கள். பெய்ஜிங்கில் 2021 முதல் கேட்டலும் பேச்சும் சேர்த்துக் கணினியில் 50 மதிப்பெண், அதற்கு இரண்டு வாய்ப்பு, எது அதிகமோ அதை எடுத்துக்கொள்ளலாம். ஒரே நாடு, ஒரே கட்சி, ஒரே நேரம். மேற்கே சின்ஜியாங்கில் சூரியன் உச்சியைத் தொடாதபோதும் பெய்ஜிங் கடிகாரம்தான் சட்டம். காதுக்கு மட்டும் மாகாணத்துக்கு ஒரு விலை.

காதோடு இது நிற்கவில்லை. சீனாவின் ‘211’ திட்டத்தில் தேர்ந்தெடுத்த சிறந்த பல்கலைக்கழகங்கள் நூற்றுச் சொச்சம். அதில் ஹெனானுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று, ஷெங்ஷோ பல்கலைக்கழகம். பெய்ஜிங்குக்கு இருபதுக்கும் மேல். பெய்ஜிங்கில் தேர்வு எழுதுகிறவர்கள் லட்சத்தைத் தொடமாட்டார்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் மாகாணவாரியாக இத்தனை இடம் என்று ஒதுக்குகிறது, உள்ளூர்க்காரருக்குக் கூடுதலாக. ஹெனானிலிருந்து பெய்ஜிங் போய்க் கட்டட வேலை செய்யும் தகப்பன் தன் பிள்ளையை அங்கேயே எழுதவைக்கலாமா? கூடாது. குடும்பப் பதிவு எந்த ஊரோ அந்த ஊருக்குத் திரும்பிப் போய் எழுத வேண்டும். பெய்ஜிங்கின் மாடிகளைக் கட்டியவனின் மகள், தேர்வுக்காக முன்பின் பழகாத தாத்தா கிராமத்துக்கு மூட்டை கட்டுகிறாள். இதில் ஆங்கிலம் ஒரு சல்லடை. எவ்வளவு தூரம் கேட்கும் என்று காதைச் சோதிக்கிறோம் என்று சொல்லி, பிறந்த இடம் எவ்வளவு தூரம் என்று அளந்துகொண்டிருக்கிறார்கள்.

வாசிப்புப் பகுதிக்கு வருவோம். இங்கேதான் மதிப்பெண் கொட்டிக் கிடக்கிறது: புதிய தாளில் 50. நான்கு பத்தி, பதினைந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் இரண்டரை. பிறகு ஐந்து இடத்தை வெட்டிவிட்டு ஏழு வாக்கியம் கொடுத்து ஒட்டச் சொல்லும் ஒரு பத்தி. முதல் பத்தி வழக்கமாக ஓர் அறிவிப்பு. எங்கோ ஒரு வெளிநாட்டு அருங்காட்சியகம், கோடை முகாம், படகுச் சவாரி. திங்கள் விடுமுறை, பன்னிரண்டு வயதுக்குக் கீழே பாதிக் கட்டணம், குடும்ப டிக்கெட் தனி. கான்சு மாகாணத்துக் குன்றில், வீட்டுக்குப் போக இரண்டு பஸ் மாறுகிற ஒரு பையன், பெற்றோரும் இரண்டு குழந்தைகளும் உள்ள ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் அந்த அருங்காட்சியகத்துக்குள் போக எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிறான். நன்றாகவே போடுவான். அவர்கள் குடும்பத்துக்கு இவன் செய்யும் இந்தச் சேவையை அந்தக் குடும்பம் அறியாது.

கடைசிப் பத்தி அறிவியல், உளவியல், தொழில்நுட்பம் என்று கனமாக இருக்கும். படிக்க நேரமில்லை, ஆகவே படிக்க வேண்டாம் என்று கற்றுக்கொடுக்கிறார்கள். முதலில் கேள்வியைப் பார், முக்கியச் சொல்லைப் பிடி, பத்தியில் அந்தச் சொல் கிடக்கும் வரியைத் தேடு, பக்கத்து வரியைப் படி, விடையைப் போடு, ஓடு. ஒன்றும் புரியாதபோது கைகொடுக்க மாணவர்களிடம் வாய்மொழியாக ஒரு சூத்திரம் புழங்குகிறது: மூன்று விடை குட்டையாகவும் ஒன்று நெட்டையாகவும் இருந்தால் நெட்டையைப் போடு, மூன்று நெட்டை, ஒன்று குட்டை என்றால் குட்டையைப் போடு. வாசிப்பின் எதிரியாக ஒருவர் திட்டம் போட்டுக் கொடுத்திருந்தாலும் இவ்வளவு கச்சிதமாக வந்திராது. 1905-ல் பேரரசின் தேர்வு முறையை ஒழித்தார்கள். எட்டுக் கால் கட்டுரை என்று அச்சு வார்த்தது போல் எழுதும் அந்தக் கலை அதற்குச் சில ஆண்டு முன்பே செத்தது என்று வரலாற்றுப் புத்தகம் சொல்கிறது. செத்தது வேஷம் மாற்றிக்கொண்டு ஆங்கிலம் பேசுகிறது.

சந்தேகம் இருந்தால் ஹெபெய் மாகாணத்து ஹெங்ஷுய் உயர்நிலைப் பள்ளியைப் பாருங்கள். காலை ஓட்டத்துக்கு வரிசை கட்டி நிற்கும்போதும் கையில் புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக் கத்திப் படிப்பார்கள். அந்தப் பள்ளி உலகத்துக்குத் தந்த கொடை ஒரு கையெழுத்து. ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாக உருட்டி, இடைவெளி பிசகாமல், அச்சுப்பொறி துப்பியது போல் எழுதும் பாணி. ‘ஹெங்ஷுய் எழுத்து’ என்றே பெயர். பார்த்து எழுதும் ஏடுகள் கடைகளில் விற்கின்றன. காரணம் தெளிவு: விடைத்தாளை ஸ்கேன் செய்து திரையில் காட்டுவார்கள், திருத்துகிறவருக்கு ஒரு கட்டுரைக்கு மிகக் கொஞ்ச நேரம்தான். படிக்க நேரமில்லாதவர்கள் பார்ப்பார்கள். பார்க்கிறவர்களுக்காக எழுதுகிறார்கள். ஒரு பிள்ளையின் கையெழுத்தில் அவன் சுபாவம் தெரியும் என்பார்கள். இந்த எழுத்தில் லட்சம் பிள்ளைகளுக்கும் ஒரே சுபாவம்.

வாசிப்புக்கு மதிப்பெண் போடுவதில் நடந்த கூத்து 2018 நவம்பரில் ஷெஜியாங்கில். அங்கே ஆங்கிலம் ஆண்டுக்கு இரண்டு முறை எழுதலாம். சீர்திருத்தத்தின் செல்லப்பிள்ளை அந்த மாகாணம். முடிவு வந்தது. பிள்ளைகள் தங்கள் விடையை ஒப்பிட்டுக் கணக்குப் போட்டார்கள், ஒத்துவரவில்லை. சிலருக்குக் காரணமே இல்லாமல் ஏறியிருந்தது. நன்றாக எழுதியவன் அங்கேயே நின்றான், சுமாராக எழுதியவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கேட்டபோது தேர்வு அதிகாரிகள் விளக்கினார்கள்: இந்த முறை தாள் கடினமாகப் போய்விட்டது, முந்தைய தேர்வோடு சமப்படுத்த வேண்டும், ஆகவே வாசிப்பில் சில கேள்விகளுக்கும், கதையைப் படித்துவிட்டுத் தொடர்ந்து எழுதும் பகுதிக்கும் எடை கூட்டினோம். எழுதி முடித்த பிறகு, யாருக்கும் சொல்லாமல். பிள்ளை ஒரு விடையை அழித்து வேறு விடை போட்டால் கேமரா பிடிக்கும். அதிகாரி ஒரு மாகாணத்தின் மதிப்பெண்ணை முழுசாக அழித்து வேறு போட்டால் அதற்குப் பெயர் அறிவியல் முறை.

பெற்றோர் விடவில்லை. சத்தம் பெரிதானது. மாகாண ஆளுநர் தலைமையில் விசாரணை வைத்தார்கள். டிசம்பர் 5-ஆம் தேதி எடைக் கணக்கை ரத்து செய்து பழைய மதிப்பெண்ணையே கொடுத்தார்கள். மாகாணக் கல்வித் துறையின் தலைவர் பதவியை இழந்தார். அரிதான முடிவுதான், பாராட்ட வேண்டும். ஆனால் பாருங்கள், ‘மிக இரகசியம்’ என்று நெற்றியில் எழுதி, டிரோன் பறக்கவிட்டுக் காத்தார்களே, அந்தக் காவலெல்லாம் பிள்ளைகள் இருந்த பக்கம் பார்த்தபடிதான் நின்றிருக்கிறது.

ஆரம்பத்தில் நோக்கம் கெட்டதாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பண்பாட்டுப் புரட்சியில் மூடிய காவ்காவ் 1977-ல் திறந்தது. அப்போது ஆங்கிலம் மொத்தத்தில் சேராது. 1979-ல் பத்து சதவீதம் சேர்த்தார்கள், அடுத்தடுத்து முப்பது, ஐம்பது, எழுபது, 1983-ல் முழுசாக நூறு. 1985-ல் குவாங்டாங்கில், குய் ஷிசுன், லீ சியாவ்ஜூ போன்ற மொழியியலாளர்கள் புதிய வகைத் தேர்வைச் சோதித்துப் பார்த்தார்கள். இலக்கணத்தை உருப்போட்டு ஒப்பிப்பதை உடைத்து, மொழியைப் பயன்படுத்தக் கற்பிக்க வகுப்பறையைத் தள்ளுவதே எண்ணம். தேர்வை மாற்றினால் பாடம் மாறும் என்று நம்பினார்கள். பாடம் மாறத்தான் செய்தது: தேர்வாக மாறியது. லூஷியா சீ என்ற ஆய்வாளர் 2005-ல் வெளியிட்ட ஆய்வு இதை அப்பட்டமாகக் காட்டியது. தேர்வை அமைத்தவர்களின் நோக்கம் ஒன்று, மதிப்பெண் வேண்டியவர்களின் நோக்கம் வேறு. எது எந்த வடிவத்தில் வருமோ அதையே அந்த வடிவத்தில் அரைத்தார்கள் ஆசிரியர்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. தலைக்கு மேல் ‘ஆயிரம் பேரை வீழ்த்து’ என்று பதாகை தொங்கும் வகுப்பில் எந்த வாத்தியார் கவிதை நடத்துவார்?

இந்தப் பயத்தை வைத்து ஒரு தொழிலே தழைத்தது. லீ யாங் என்பவர் மைதானத்தில் ஆயிரக்கணக்கானவரைத் திரட்டி ஆங்கிலத்தைக் கத்தவைத்தார். ‘பைத்திய ஆங்கிலம்’ என்று அவரே வைத்த பெயர், விளம்பரத்தில் அபூர்வமான நேர்மை. யூ மின்ஹோங் 1993-ல் தொடங்கிய நியூ ஓரியண்டல் பயிற்சி நிறுவனம் நியூயார்க் பங்குச் சந்தைவரை போனது. 2021 ஜூலையில் பெய்ஜிங்குக்குத் திடீரென்று பிள்ளைகள்மேல் இரக்கம் சுரந்தது. பள்ளிப் பாடங்களுக்கு லாபத்துக்காகத் தனிப்பயிற்சி நடத்தக் கூடாது என்று ஒரே ஆணை. பங்கு ஒரே நாளில் பாதிக்கும் மேல் சரிந்தது. அறுபதாயிரம் பேரை வேலையிலிருந்து அனுப்பியதாக யூ மின்ஹோங்கே சொன்னார். மிஞ்சியவர்கள் இணைய நேரலையில் காய்கறியும் அரிசியும் விற்க இறங்கினார்கள். 2022 ஜூனில் டோங் யூஹுய் என்ற ஆங்கில ஆசிரியர் வெள்ளைப் பலகையில் சொற்களை எழுதி, பொருள் சொல்லிச் சொல்லி, கூடவே மாட்டிறைச்சியும் விற்றார். நாடே சொக்கிப்போய்ப் பார்த்தது. பத்து ஆண்டு வகுப்பறையில் கொட்டாவி விட்டவர்கள், இறைச்சித் துண்டு வாங்கப் போன இடத்தில் ஆங்கிலம் இனிக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். தேர்வில்லாமல், விடைத்தாள் இல்லாமல், மூன்று விடைகளில் ஒன்று இல்லாமல்.

பயிற்சி நிலையத்தை மூடினார்களே, தேர்வை மூடினார்களா? 150 அப்படியே இருக்கிறது. தேவை இருக்கும்போது கடையை மூடினால் கள்ளக் கடை திறக்கும்; வசதியுள்ள வீடுகளில் ‘வீட்டுப் பணியாள்’ என்ற பெயரில் ஆசிரியர் வந்துபோகிறார். ஏழைக்கு இருந்த மலிவான மாலை வகுப்புதான் நிஜமாகவே மூடியது. இன்னொரு கூட்டம் ஆங்கிலத்தையே விட்டுவிட்டு ஜப்பானிய மொழியை எடுத்தது. சட்டம் இடம் கொடுக்கிறது, எழுத்தில் பாதி சீன எழுத்து, தாளும் சுலபம் என்று பேச்சு. தொலைக்காட்சியில் இரவெல்லாம் ஜப்பானியரைச் சுட்டு வீழ்த்தும் தொடர் பார்த்துவிட்டு, காலையில் மதிப்பெண்ணுக்காக ஜப்பானியம் படிக்கிறார்கள். தேசபக்திக்கும் 150-க்கும் போட்டி வந்தால் எது வெல்லும் என்று தெரிந்துகொண்டோம்.

இப்போது, பிள்ளையின் காதைக் காக்கும் அந்த அக்கறையின் இன்னொரு முகம். வாசிப்புப் பத்திகளில் பல, மேலை நாட்டு நாளிதழ்களிலும் இதழ்களிலும் வந்த கட்டுரைகளை வெட்டிச் சுருக்கியவை. தேர்வு முடிந்த ஒரு பிள்ளைக்கு மூலக் கட்டுரையைத் தேடிப் படிக்கும் ஆசை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியும் ஒரு பிள்ளை இருக்கும். அந்த ஆசையை எந்தத் தேர்வாலும் முழுசாகக் கொல்ல முடிவதில்லை. அவள் தேடுவாள். கூகுள் இல்லை. நியூயார்க் டைம்ஸ் 2012-லிருந்து அடைப்பு. அன்றைய பிரதமரின் குடும்பச் சொத்தைப் பற்றி எழுதிய பாவம். விக்கிப்பீடியா 2019-லிருந்து எல்லா மொழியிலும் அடைப்பு. யூடியூப் அடைப்பு. பிபிசி உலகச் செய்தித் தொலைக்காட்சிக்கு 2021 பிப்ரவரியில் தடை. ஆங்கிலம் படி, கேள், புரிந்துகொள் என்று பிள்ளையின் பத்து ஆண்டை வாங்கிக்கொண்டு, படித்துக் கேட்டுப் புரிந்துகொள்ள இருக்கும் இடத்திலெல்லாம் சுவர் எழுப்பிவைத்திருக்கிறார்கள். களவுச் சமிக்ஞை வராமல் தேர்வுக் கூடத்தில் வைத்தார்களே ஒரு தடுப்புக் கருவி, அதைத் தேர்வு முடிந்தும் கழற்றவில்லை; நாட்டளவுக்குப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். சட்டை விலையைக் கேட்கலாம். சட்டை தைத்தவளுக்கு என்ன கூலி என்று வெளிநாட்டுச் செய்தியாளன் எழுதினால் அதைக் கேட்கக் கூடாது.

மேலிடத்துப் பிள்ளைகளுக்கு இந்த அவஸ்தை இல்லை. சோங்கிங் நகரக் கட்சித் தலைவராக இருந்து ஆயுள் தண்டனை பெற்ற போ ஷிலாயின் மகன் படித்தது இங்கிலாந்தின் ஹாரோ பள்ளியில், பிறகு ஆக்ஸ்போர்டில், பிறகு ஹார்வர்டில். இன்றைய அதிபரின் மகளும் ஹார்வர்டில் படித்தவர்தான். 2021-ல் ஆங்கிலத்தை முக்கியப் பாடங்களிலிருந்து நீக்கலாம் என்று அரசியல் ஆலோசனை மாநாட்டில் ஓர் உறுப்பினர் யோசனை சொன்னார். அதே ஆண்டு ஷாங்காய் தொடக்கப் பள்ளிகளில் ஆங்கிலத்துக்கு இறுதித் தேர்வு கூடாது என்று உத்தரவு வந்தது. தேசியப் பெருமையின் பாதையில் ஆங்கிலம் ஒரு முள்ளாம். எடுங்கள், யார் வேண்டாமென்றது? முள்ளை எடுக்கிறேன் என்று கிராமத்துப் பிள்ளையின் காலைப் பிடிப்பவர்கள், தங்கள் பிள்ளைக்கு விமான டிக்கெட்டைப் பிடித்துவைத்திருக்கிறார்களே, அதுதான் எரிகிறது.

கல்வி அமைச்சகத்துக்கு ஒரு யோசனை வைத்திருக்கிறேன். கேட்டல் தேர்வு அருமையான கருவி, அதைப் பதினெட்டு வயதுக்காரர்களோடு நிறுத்துவது வீண். அதிகாரிகளுக்கும் ஒன்று நடத்துங்கள். ஒலிப்பதிவுக்குப் பஞ்சமில்லை. 2016 மே மாதம் நான்ஜிங்கில் கல்வித் துறை வாசலில் கூடி, எங்கள் பிள்ளைகளின் பல்கலைக்கழக இடத்தை ஏன் குறைக்கிறீர்கள் என்று பெற்றோர் கத்தியது முதல் பதிவு. குடும்பப் பதிவு இல்லாத எங்கள் பிள்ளை பெய்ஜிங்கிலேயே எழுதினால் என்ன என்று அமைச்சகத்துக்கு மனு கொடுத்து மனு கொடுத்துக் களைத்த குடியேறிகளின் குரல் இரண்டாவது. ஷெஜியாங் தாய்மார்கள் மூன்றாவது. தெளிவான மாண்டரின், அந்நிய உச்சரிப்பு இல்லை, கஷ்டமான சொல் ஒன்றும் இல்லை. பிள்ளைகளுக்கு ஒரு முறைதான், இவர்களுக்குத் தாராளமாக இரண்டு முறை ஒலிக்கவிடலாம். கேள்வி ஒன்றே ஒன்று: பேசுகிறவர் என்ன கேட்கிறார்? விடை, அ. கேட்கவில்லை, பாராட்டுகிறார். ஆ. கேட்கிறார், கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. இ. வதந்தி பரப்புகிறார். பத்து விநாடி அவகாசம். 2பி பென்சிலால் மட்டும் நிரப்பவும். கட்டத்துக்கு வெளியே எழுதினால் செல்லாது.